ஒரு சொல் அதிகம்

இடது கையால் அப்பாவின் தாடையைத் தாங்கிப் பிடித்து, வலது கையால் இமைகளை அழுத்திக்கொண்டு, காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கியபடி மூத்தவள் லீவு கேட்டுக்கொண்டிருந்தாள். உயிர் போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. தாடை இறுகும்வரை பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாய் திறந்தபடியே நின்றுவிடும் என்று கீழ்வீட்டு நர்ஸ் சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டாள். கட்டுவதற்கு ஒரு நல்ல துணி தேடி அம்மா அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாள்.

"இருக்கும்போதே மூடாத வாய். இப்ப மட்டும் மூடிடுமாக்கும்" என்றாள் அம்மா, திரும்பாமலே.

மறுமுனையில் மில்லின் பேக்கிங் சூப்பர்வைசர். காண்ட்ராக்டரின் ஆள். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவன், மரியாதையாகத்தான் பேசினான். எத்தனை மணிக்குப் போச்சு, என்ன உடம்புக்கு, வயசு என்ன என்றெல்லாம் விசாரித்தான். எண்பத்தொன்று என்றதும் கல்யாணச் சாவுதான் என்று ஆறுதல் சொன்னான். அப்புறம் விஷயத்துக்கு வந்தான்.

"இன்னிக்குக் கன்டெய்னர் வருதுக்கா. ரெண்டு மணி ஷிஃப்டுக்கு வந்துடுங்க. வரலன்னா நாளைலேர்ந்து உங்க எடத்துல வேற ஆள்தான். என்னையே மேலேர்ந்து நெருக்குறாங்க."

"அடக்கம் நாலு மணிக்குத் தம்பி."

"காலைலயே முடிச்சுக்கக் கூடாதா?"

பதில் சொல்வதற்குள் போன் தோளிலிருந்து நழுவி அப்பாவின் மார்பில் விழுந்தது. எடுக்க ஒரு கை வேண்டியிருந்தது. எடுத்துக் காதில் வைத்தபோது அவன் வைத்துவிட்டிருந்தான். அதற்குள் தாடை இறங்கிவிட்டது. மறுபடி முதலிலிருந்து பிடித்தாள்.

அதே மில்தான். அப்பா அங்கே கார்டிங்கில், பஞ்சைச் சிக்கெடுக்கிற மெஷினில், முப்பத்தோரு வருஷம் நின்றவர். நுரையீரலில் பாதி பஞ்சுதான் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். பத்து வருஷம் இருமினார். மூன்று முறை ஆஸ்பத்திரியில் வீட்டுக்குத் தூக்கிப்போகச் சொல்லிவிட்டார்கள், மூன்று முறையும் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார். எமன்கிட்டயே வாய்தா வாங்கிட்டான்யா என்று தெருவே சிரித்தது. அவர் பட்டப்பெயரே அதுதான், வாய்தா. லேபர் கோர்ட்டில் பத்தொன்பது வருஷம் ஒரு கேஸ் நடத்தினார். தேய்த்த சட்டையோடு காலையில் போவார், கசங்கிய சட்டையோடு அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு வருவார். என்ன கேஸ் என்று கேட்டால் மில் கேஸ் என்பார். பென்ஷன் சம்பந்தமாக இருக்கும் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அது தோற்றுப்போனது. அதற்குப் பிறகு அவர் சட்டையைத் தேய்க்கக் கொடுக்கவில்லை.

மூத்தவள் பேக்கிங்கில் பதினாலு வருஷமாக நிற்கிறாள். பெட்டிக்கு இருபத்துநாலு நூல் கோன், டேப், லேபிள், எடை, தள்ளு. காண்ட்ராக்ட் ஆள். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை பத்து நாள் நிறுத்திவிட்டுப் புதிதாகச் சேர்ந்ததாக எழுதிக்கொள்வார்கள். அந்தக் கணக்கில் அவள் பதினாலு வருஷமாகப் புதிதாகச் சேர்ந்துகொண்டே இருக்கிறாள். புருஷன் என்று ஒருவன் இப்போது இல்லை. நர்ஸிங் படிக்கிற மகள் ஒருத்தி, ஹாஸ்டலில், பரீட்சையில். இந்த வேலை போனால் அந்தப் படிப்பும் கூடவே போகும், அவ்வளவுதான் நிலவரம்.

அந்த மில்லில் நிரந்தரத் தொழிலாளி வீட்டில் சாவு விழுந்தால் சம்பளத்தோடு மூன்று நாள் லீவு உண்டு. அதற்குப் பெயரே 'மூணு நாள்'. ஒருவன் மூணு நாளில் இருக்கிறான் என்றால் அவன் வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் நாற்பத்துமூன்று நாள் மெஷினை நிறுத்தி அதை வாங்கிக் கொடுத்தது வாய்தா என்பது கேட் எதிரே டீ ஆற்றுகிறவர் வரைக்கும் தெரியும். அவர் செத்த அன்றைக்கு அந்த மூணு நாள் அவர் மகளுக்குக் கிடையாது. இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று முடிவு செய்ய அவளுக்கு நேரமில்லை, தாடையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஏழு மணிக்கு அவளுடைய தம்பி வந்தான். தண்ணீர் வாரியத்தில் கிளார்க், நிரந்தரம். மாடிப்படி ஏறும்போதே அவனுக்குப் போனில் லீவு வந்துவிட்டது, ஒரு கட்டைவிரல் படத்தோடு. அப்பா காலடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் கொதிக்க வைத்து, அப்பாவுக்குச் சவரம் செய்தான். மூன்று நாள் முடி. மூத்தவள் கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவள் ரெண்டு மணி விஷயத்தைச் சொன்னாள்.

அவன் உடனே பன்னிரண்டு மணிக்கு எடுத்துவிடலாம் என்றான். நல்லவன்தான். ஆனால் அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று கேட்டுத் தங்கை வெளியூரிலிருந்து ராத்திரியே ரயிலேறியிருந்தாள், மூன்று மணிக்குத்தான் வந்து சேர்வாள். அம்மா கட்டுத்துணியை மடித்துக்கொண்டே இதைக் கேட்டாள்.

"சின்னவ மொகம் பாக்காம எடுக்க விட மாட்டேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து மூத்தவளைப் பார்த்தாள். "நீ போறதுன்னா போ. பாத்துட்டதானே. ராவும் பகலும் நீதான் பாத்த. அவர் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டார்."

அம்மா குத்திக் காட்டவில்லை, மனசாரத்தான் சொன்னாள். அதுதான் மூத்தவளுக்குத் தாங்கவில்லை. சமையலறைக்குப் போய், தேவையே இல்லாமல் நாலு டம்ளரைக் கழுவி வைத்தாள்.

பதினோரு மணிக்குச் சங்கச் செயலாளர் கொடியோடும் மலர்வளையத்தோடும் வந்தார். நிரந்தரத் தொழிலாளர்கள் இருபது முப்பது பேர் பின்னால் படியில் நின்றார்கள். இப்போது மில்லில் நிரந்தரம் மொத்தமே அவ்வளவுதான் மிச்சம், மற்ற அறுநூறு பேரும் காண்ட்ராக்ட். செயலாளர் கொடியை மார்பில் போர்த்தி, நாலு முனையையும் சரிசெய்தார். மூத்தவள் அவரைப் பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னாள். ஒரே ஒரு நாள் போதும், உங்க வாயால ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க என்று கேட்டாள்.

செயலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஒப்பந்தத்துல இருந்தா நெஞ்சை நிமிர்த்திக் கேப்பேன்க்கா என்றார். இல்லாததைக் கேட்டால் இருப்பதிலும் கை வைப்பார்கள் என்றார். இருந்தாலும் படியிறங்கிப் போய் யாருக்கோ போன் பண்ணிவிட்டு வந்து, "சொல்லியிருக்கேன்" என்றார். சொல்லியிருக்கேன் என்றால் என்ன அர்த்தம் என்பது பதினாலு வருஷம் மில்லில் இருந்தவளுக்குத் தெரியாதா? அவள் தலையாட்டினாள். நாலு மணிக்கு இரங்கல் கூட்டம் போட்டு, தோழரின் தியாகத்தைப் பற்றி விரிவாகப் பேசப்போவதாகச் சொல்லிவிட்டு அவர் போனார்.

ஒரு மணி ஆனபோது அவள் போவதென்று முடிவு செய்துவிட்டாள். முடிவு என்றுகூடச் சொல்ல முடியாது, கால் பழக்கத்தில் எழுந்தது. முகம் கழுவி, காண்ட்ராக்ட் ஆட்களின் மஞ்சள் மேல்சட்டையை மாட்டி, கூந்தலை வலைத்தொப்பிக்குள் திணித்தாள். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள், பிறகு பார்க்காததுபோல் தரையைப் பார்த்தார்கள். அவள் அப்பாவின் பாதத்தைத் தொட்டாள். ஐஸ்போல் இருந்தது. போயிட்டு வரேன் என்று வாயெடுத்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். எங்கே திரும்பி வருவது, யாரிடம் வருவது?

அந்த நேரம் பார்த்துத்தான் எழுத்துக்காரர் படியேறி வந்தார். அப்பாவின் பக்கத்து மெஷின்காரர், வயசும் ஏறக்குறைய அதேதான். முத்துமுத்தான கையெழுத்து என்பதால் சங்கத்தின் மனு, தீர்மானம், ஒப்பந்தம் எல்லாம் அந்தக் காலத்தில் அவர் கைதான். மூணு நாள் வந்த கதையும் அவரில்தான் தொடங்குகிறது. அவருடைய ரெண்டு வயசுப் பெண்குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. செய்தி காலை ஷிஃப்டில் வந்தது. ஷிஃப்டு முடித்துவிட்டுப் போ என்றார் ஆபீஸர். முடித்துவிட்டுப் போனார். அதற்குள் குழந்தையைப் புதைத்துவிட்டிருந்தார்கள். மறுநாள் அப்பா கார்டிங் மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்டதற்குக் கால் வலிக்கிறது என்றார். கோஷம் கிடையாது, கொடி கிடையாது. பக்கத்தில் இருந்தவனுக்கும் கால் வலித்தது. சாயங்காலத்துக்குள் மில் முழுக்கக் கால் வலித்தது.

எழுத்துக்காரர் அப்பாவின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அழவில்லை. திரும்பியவர் மஞ்சள் சட்டையைப் பார்த்தார்.

"எங்கம்மா கெளம்பிட்ட?"

"ஷிஃப்டு மாமா."

"இன்னிக்கா?"

"எனக்கு ஏது மூணு நாள். நிரந்தரத் தொழிலாளிக்குத்தானே."

அவர் அவள் கையைப் பிடித்துப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனார். எண்பது வயசுக்காரருக்கு அவ்வளவு பிடி இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அங்கே துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"அந்த வார்த்தைய எழுதினது நான்தாம்மா. எழுதச் சொன்னது உங்கப்பன்."

எந்த வார்த்தை என்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"நிரந்தர. அந்த வார்த்தை. மேனேஜர் டைப் அடிச்சுக் கொண்டாந்த பேப்பர்ல அது இல்ல. வெறும் தொழிலாளர்னுதான் இருந்துச்சு."

பிறகு அவர் சொன்னது விட்டுவிட்டு வந்தது, இருமலும் நடுவில் வந்தது. அதுவரை மில் கணக்கில் அவர்களுக்கு ஆள் என்ற பெயர்கூட இல்லை, கை என்றுதான் எழுதுவார்கள். கார்டிங்குக்கு நூறு கை, ஸ்பின்னிங்குக்கு இருநூறு கை. வேண்டாத கையை மறுநாள் கூப்பிட மாட்டார்கள். அந்த நாற்பத்துமூன்று நாளில்தான் முதல்முறையாக நிரந்தரம் என்று ஒப்புக்கொண்டார்கள். எல்லாருக்கும் தலைகால் புரியவில்லை. கையெழுத்துப் போடுகிற நேரத்தில் அப்பாதான் பேப்பரை நிறுத்தினார். வெறும் தொழிலாளர் என்று இருந்தால் எப்படி, நிரந்தரத் தொழிலாளர் என்று இருக்க வேண்டும், ஒரு இடம் விடாமல் எழுது, டாக்டர் பட்டம் வாங்கினவன் அதைப் பேருக்கு முன்னால் போட்டுக்கொள்வதில்லையா என்றார். ஏழு இடத்தில் எழுத்துக்காரர் தன் கையாலேயே அந்தச் சொல்லை இடையில் சேர்த்து எழுதினார். அன்றைக்கு மில்லில் நிரந்தரம் இல்லாத ஒரு ஆள்கூடக் கிடையாது. இன்னொரு ஜாதித் தொழிலாளி என்று ஒன்று பிறக்கும் என்று யாருக்குத் தெரியும்?

"மேனேஜர் மறுத்துப் பேசவே இல்ல. நாங்க கேட்டதுல அவன் சிரிச்சுக்கிட்டே குடுத்தது அது ஒண்ணுதான். எழுதறதுக்குத் தன் பேனாவையே நீட்டினான். நாங்க அதையும் பெருமையா வெளில போய்ச் சொன்னோம்."

மூத்தவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"காண்ட்ராக்ட்டுல பொம்பளைங்க உள்ள வந்தப்பத்தான் உங்கப்பனுக்கு உறைச்சுது. அந்தக் கேஸ் எதுக்குன்னு நெனச்ச? அந்த ஒரு வார்த்தைய எடுக்கத்தான். பத்தொம்பது வருஷம். கடைசில ஜட்ஜு ஒப்பந்தத்தைத் தூக்கிக் காட்டிக் கேட்டார், இது யார் கையெழுத்துன்னு. என் கையெழுத்து. நீங்களே கேட்டு வாங்கினதுதானேன்னு தள்ளிட்டார்."

அவளுக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். தேதிக்குப் போகிற ஒவ்வொரு மாதமும் அவரைத் திட்டியிருக்கிறாள். பென்ஷனுக்கு இவ்வளவு அலைச்சலா, வீட்டில் உட்கார்ந்து இருமினால் ஆகாதா, உனக்கு வேற வேலையே இல்லையாப்பா என்று வாய்க்கு வந்ததை எல்லாம் சொல்லியிருக்கிறாள். ஒரு நாளாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஊருக்கெல்லாம் மேடை போட்டுப் பேசிய மனுஷன், மகளிடம் ஒரு சொல்லை மறைத்துக்கொண்டே செத்திருக்கிறார். இப்போதே கூடத்துக்குப் போய் அவரை உலுக்கிச் சண்டை போட வேண்டும்போல் இருந்தது. அவர் தாடையை அவளே அல்லவா கட்டி வைத்திருக்கிறாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"வெக்கம்தாம்மா. வேற என்ன. உன்னை மஞ்சச் சட்டைல பாக்கறப்பல்லாம் திரும்பிப் படுத்துக்குவேன்னு எங்கிட்ட சொல்லுவான்."

அது உண்மை. ஷிஃப்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் அவர் சுவர்ப் பக்கம் திரும்பியிருப்பார். தூங்குகிறார் என்று சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போவாள்.

"இப்ப சொல்லி என்ன மாமா ஆகப்போவுது" என்றாள். கோபம் வந்த வேகத்திலேயே வற்றிவிட்டது. களைப்பு மட்டும் மிச்சம் இருந்தது. ஒரு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. "மணியாச்சு. நான் வரேன்."

அவர் வழிவிட்டார். போகாதே என்று அவர் சொல்லவில்லை. அவள்தான் ரெண்டடி போய்த் திரும்பினாள்.

"அன்னிக்கு நீங்க ஏன் நடுவுல எழுந்து போகல? கேட்டைத் தாண்டிக் குதிச்சாவது போயிருக்கலாமே."

"வேல போயிடும்னு பயம்."

"ம்."

"வேல போகல" என்றார் எழுத்துக்காரர். "அதுக்கப்புறம் பதினாறு வருஷம் இருந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. கொழந்த மொகம்தான் நெனவுக்கு வர மாட்டேங்குது. போட்டோ எடுக்கற வசதியெல்லாம் அப்ப ஏது?"

அவர் இதை யாரையோ பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். சொல்லிவிட்டுக் காய்ந்துபோன ஒரு துண்டைக் கம்பியிலிருந்து எடுத்து, மடித்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

மூத்தவள் கூடத்துக்கு வந்து மேல்சட்டையைக் கழற்றினாள். தலையிலிருந்து வலைத்தொப்பியை உருவினாள். அம்மா கொஞ்சம் நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டாள். ரெண்டு மணிச் சங்கு ஊதியது. பதினாலு வருஷத்தில் வேலை நாளில் அந்தச் சங்கை அவள் கேட்டுக்கு வெளியே இருந்து கேட்பது இதுதான் முதல் தடவை. போன் மடியில் நாலு முறை துடித்து அடங்கியது.

தங்கை மூன்றே காலுக்கு வந்து விழுந்து புரண்டு அழுதாள். அவளைத் தேற்றுகிற வேலை மூத்தவளுக்கு வந்தது. நாலு மணிக்கு எடுத்தார்கள். இடுகாட்டில் செயலாளர் சொன்னபடியே விரிவாகப் பேசினார். இந்த மில்லில் எவனும் தன் சொந்தபந்தத்தின் முகத்தைப் பார்க்காமல் மண்ணுக்குக் கொடுத்ததில்லை, அந்த உரிமையை வாங்கித் தந்தவர் இதோ கிடக்கிறார் என்றபோது அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. எழுத்துக்காரர் கூட்டத்தின் ஓரத்தில் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நிமிஷம் தாண்டியும் பேச்சு முடியவில்லை.

"போதும்னு சொல்லுடி, மனுஷன் எந்திரிச்சு வந்து மைக்கைப் பிடுங்கிடப் போறார்" என்றாள் அம்மா, காதோடு. மூத்தவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பார்த்தவர்கள் அவள் அழுவதாக நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். அப்புறம் அது அழுகையாகவே ஆகிவிட்டது. காலையிலிருந்து அவள் அழுதது அப்போதுதான்.

குழிக்குப் பக்கத்தில் தம்பி முகத்துணியை விலக்கினான். அவள் குனிந்து பார்த்தாள். சவரம் செய்த கன்னத்தில் காதோரம் ஒரு சின்ன இடம் விட்டுப்போயிருந்தது. வாய் நன்றாக மூடியிருந்தது. அவசரப்படாமல், போதும் என்று தோன்றும்வரை பார்த்தாள். பிறகு தங்கைக்கு இடம் விட்டு நகர்ந்தாள்.

மறுநாள் மத்தியானம் அவள் மில்லுக்குப் போனாள். போனால் என்ன ஆகும் என்று தெரியாமல் போகவில்லை. ஆனாலும் வேலைக்குப் போகிறவள் வேறு எங்கே போவாள்? அம்மாவும் போய்ப் பாரு என்றுதான் சொன்னாள். இறங்கும்போது தம்பி, வாரியம் கொடுத்த தன் மூணு நாளில் ரெண்டாம் நாளாகக் கூடத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன்மேல் அவளுக்குப் பொறாமை வந்தது, வந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

பின்பக்கத்துச் சின்னக் கேட் காண்ட்ராக்ட் ஆட்களுக்கு. அங்கே சுவரில் விரல் வைக்கிற மெஷின் ஒன்று உண்டு. விரல் வைத்தால் பச்சை விளக்கு எரியும், தடுப்புக் கம்பி சுழலும், ஒரு ஆள் உள்ளே போகலாம். பேக்கிங் பெண்கள் பதின்மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. முன்னால் நின்றவள், எல்லாரும் நெட்டை என்று கூப்பிடுகிறவள், ஒரு அடி பின்வாங்கி, தனக்கு முன்னால் இடம் விட்டாள். நெட்டைக்கும் அவளுக்கும் நல்ல பேச்சுவார்த்தை கிடையாது. டேப் ரோலை யார் எடுத்தது என்று ஆரம்பித்த சண்டை ரெண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

மூத்தவள் விரலை வைத்தாள். சிவப்பு எரிந்தது.

"பதிவு இல்லை. தயவுசெய்து மீண்டும் முயற்சிக்கவும்" என்றது மெஷின். இனிமையான பெண் குரல்.

சேலையில் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். மறுபடி அதே. கம்பிக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர் நின்றிருந்தான். அவன் முகத்தில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. எடுத்துட்டாங்கக்கா, நான் நேத்தே சொன்னேன் என்றான். கொஞ்சம் நகர்ந்துக்குங்க, பின்னால இருக்கறவங்க வைக்கட்டும் என்றான்.

அவள் நகர்ந்து சுவரோரம் நின்றாள். இதில் ரோஷப்பட என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காது மடல் மட்டும் சுட்டது.

நெட்டை முன்னால் வரவில்லை.

"வாங்க, மணியாச்சு" என்றான் சூப்பர்வைசர்.

"அவங்க எனக்கு முன்னாடி நின்னாங்க" என்றாள் நெட்டை. "அவங்க போகட்டும். அப்புறம் நான் போறேன்."

"அவங்க பேரு இல்லங்க."

"அது எனக்குத் தெரியாது. வரிசைன்னா வரிசைதான்." நெட்டையின் குரலில் வீரம் எல்லாம் இல்லை, சலிப்புதான் இருந்தது. யாரையும் பார்க்காமல் மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்கம்மா ஆறு மாசமாப் படுத்த படுக்கையாக் கெடக்கு. இன்னிக்கோ நாளைக்கோ."

பின்னால் யாரோ இருமினார்கள். ஒருத்தி டிபன் பாக்ஸைக் கை மாற்றிக்கொண்டாள். கடைசியில் நின்றவள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்து, பக்கத்தில் கேட்டு, விஷயம் தெரிந்ததும் ஐயையோ என்றாள், ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை. சூப்பர்வைசர் வரிசை முழுவதையும் ஒருமுறை பார்த்தான். போனை எடுத்தான், யாரைக் கூப்பிடுவது என்று யோசிப்பவன்போல் கையில் வைத்துக்கொண்டான். ரெண்டு மணிச் சங்கு ஊதி முடிந்தது. பதின்மூன்று பேரில் ஒருத்திகூட விரலை நீட்டவில்லை, எல்லார் கையும் மஞ்சள் சட்டைப் பைக்குள் இருந்தது.

நெட்டை இப்போதுதான் அவள் பக்கம் திரும்பினாள்.

"நின்னுக்கிட்டே இருந்தா எப்படி? வைங்க" என்றாள், டேப் ரோல் கேட்கிற அதே கடுகடுப்போடு.

மூத்தவள் சுவரிலிருந்து வந்து வரிசைக்கு முன்னால் நின்று விரலை வைத்தாள். சிவப்பு எரிந்தது. மீண்டும் முயற்சிக்கவும் என்றது மெஷின். அவள் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வைத்தாள்.